வாசனை ஏற்பியும் நானும்

செப்டம்பர் 4

இன்றும் புரதம் செத்தது.

பூச்சி செல்களில் வளர்த்து, செல்களை உடைத்து, சவ்வை மட்டும் தனியாகச் சுழற்றிப் பிரித்து, சவ்வுக்குள் குடியிருக்கும் ஏற்பிப் புரதத்தை டிடர்ஜென்ட் ஊற்றி நைச்சியமாக வெளியே அழைக்கிறோம். வெளியே வந்த மறுகணம் அது சுருண்டு, பக்கத்தில் இருப்பதைக் கட்டிப்பிடித்து, கட்டியாகி, அடியில் உட்கார்ந்துகொள்கிறது. சவ்வின் எண்ணெய்க்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிராணி. வெளியே பார்த்தால் எங்கும் தண்ணீர். பயப்படாமல் என்ன செய்யும்? எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று இந்த ஆய்வு நிலையத்துக்கு வந்த புதிதில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் மூலையில் ஒடுங்கினேன்.

பிற்காலத்தில் யாராவது படித்தால் விளங்கட்டும் என்று எழுதிவைக்கிறேன் (என் மனைவி மங்கை இப்போதே படிக்கிறாள் என்று ஒரு சந்தேகம்): இது மூக்கின் உள்ளே இருக்கும் வாசனை ஏற்பி. மனித மூக்கில் இப்படி ஏறக்குறைய நானூறு வகை உண்டு. ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த சில வாசனைகளுக்கு மட்டும் அசைந்து கொடுக்கும். எங்களுடையது எந்த வாசனைக்கு அசையும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தயாரித்து, குலையாமல் வைத்து, உறையவைத்து, பெங்களூரில் இருக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்து, அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜனவரி நடுவில் அந்த நுண்ணோக்கி எங்களுக்கு மூன்று நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

என் கௌரவப் பதவியும் ஜனவரியில்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். சம்பளம் இல்லை. ஒரு மேசை, ஒரு பிப்பெட், கழுத்தில் மாட்ட ஒரு அடையாள அட்டை. எழுபத்திரண்டு வயதில் காலையில் போவதற்கு ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் எழுத முடியாது.

செப்டம்பர் 12

மதியம் மெர்காப்டோஎத்தனால் பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு கரைசல் கலந்துகொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் எழுந்து ஓடினார்கள். நெருப்புப் பயிற்சி என்று நினைத்தேன். கலப்பதைப் பாதியில் விட்டால் அளவு கெடும், ஆகவே முடித்துவிட்டு எரிந்துபோகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

கதவுக்கு வெளியே ஷெர்லின் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். மார்த்தாண்டத்துப் பெண். முனைவர் பட்டம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக இந்த ஏற்பியோடு மல்லுக்கட்டுகிறாள்.

"சார்! அந்த எழவு பாட்டில மூடுங்க சார்! செத்த எலி நாத்தம் நாறுதில்லா!"

மூடியை நான் சரியாகத் திருகவில்லை. அழுகிய முட்டை போல நாறும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

"உங்களுக்கு ஒண்ணுமே செய்யலையா சார்?"

"பழகிவிட்டது" என்றேன்.

சாயங்காலத்துக்குள் எனக்கு இரும்பு மூக்கு என்று பெயர் வந்துவிட்டது. ஆய்வகத் தலைவர் டாக்டர் பொற்கொடி சேலத்துக்காரர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், தைரியத்தில் நூறு மடங்கு மூத்தவர். "சாரைப் பாருங்க. அசையாம உட்கார்ந்து வேலையை முடிச்சிருக்கார். நீங்க கண்ட பெர்ஃப்யூமையும் அடிச்சு மூக்கைக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்று மாணவர்களைத் திட்டினார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 20

அடுப்பில் பால் சற்று அதிகமாகக் காய்ந்தது. பாத்திரமும் சற்றுக் காய்ந்தது. நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மங்கை ஓடிவந்து அணைத்தாள்.

"ஏங்க, தெருக்கோடி வரைக்கும் தீஞ்ச வாடை அடிக்குது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கீங்க, தெரியலையா?"

"தலையங்கம் சுவாரசியமாக இருந்தது."

"தலையங்கமா? கையில இருக்கிறது நேத்து பேப்பர்."

பிறகு காபி கொடுத்தாள். நன்றாக இருந்தது. சொன்னேன். அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். யாரைப் பார்த்தாலும் விடைத்தாளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

அக்டோபர் 3

காபி நன்றாக இருந்தது. மறுபடியும் அதே பார்வை.

அக்டோபர் 21, சனி

திங்கட்கிழமை ஆயுத பூஜை. கட்டடம் காலி. கூட்டமில்லாத நாளில்தான் என் கை பதறாமல் வேலை செய்யும் என்பதால் புதிய தொகுதியைத் தொடங்கினேன். நாளெல்லாம் கோல்டு ரூமில். ஸ்வெட்டர், மஃப்ளர், அதன்மேல் வெள்ளை அங்கி. கண்ணாடியில் பார்த்தால் ஊட்டிக்குப் போய் வழிதவறிய டாக்டர்.

கோல்டு ரூம் நடுவில் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. வாயைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி பக்தவத்சலத்தினுடையதாக இருக்கும். விலக்கப்பட்ட பொருள்களைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது அவர் வழக்கம். போன கோடையில் பலாப்பழம். பாதுகாப்புக் குழுவுக்கும் அவரே செயலாளர் என்பதால் யாரிடமும் புகார் செய்ய முடியாது. கால் இடறியது. கரைசல் பீக்கர்கள் திறந்திருந்த மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

நம்ப முடியவில்லை. பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாகப் புரதத்தை வடித்தபோது, வழக்கமாகக் கட்டியாய் முதலில் வந்து விழும் இடத்தில் ஒன்றுமில்லை. வர வேண்டிய இடத்தில், வரைபடத்தில் கோவில் கோபுரம் போல ஒரே ஒரு பீக். ஏற்பி குலையாமல் நிற்கிறது!

ஷெர்லினுக்கு போன் செய்தேன். "சார், விளையாடாதீங்க" என்றாள். படம் அனுப்பினேன். அவள் போட்ட கூச்சலில் அவர்கள் விடுதிக் காவலாளி மேலே ஓடிவந்தாராம்.

நான்தான் செய்தேனா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வேறு யாரும் இல்லை.

அக்டோபர் 23

சென்ட்ரிஃபியூஜுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. உறைபெட்டிக்கு எலுமிச்சம்பழம். பக்தவத்சலம் சாம்பிராணியோடு மாடி மாடியாக வந்தார். பொற்கொடிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. சுண்டலில் உண்டு.

"பாத்தீங்களா மேடம், சரஸ்வதி கண்ணைத் தொறந்துட்டா" என்றார் பக்தவத்சலம்.

"புரதம் வந்தது நேத்து. பூஜை இன்னைக்கு. சரஸ்வதி அட்வான்ஸா தொறந்தாளா?"

"லீவு நாள்ல வேலை பாத்தவருக்கு ஸ்பெஷல் கருணை மேடம்."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்குக் கூச்சத்தில் சுண்டல் தொண்டையில் சிக்கியது.

அக்டோபர் 26

கிடைத்தது ஒரு சிட்டிகை. சோதனைகளுக்கே பாதி போனது. மீதியைப் புதிய கரைசலுக்கு மாற்றி ஐஸில் வைத்தோம். இன்று பார்த்தால் கட்டி.

பரவாயில்லை, மறுபடி செய்யலாம் என்றேன். செய்முறைதான் என்னிடம் இருக்கிறதே, ஒரு துளி பிசகாமல்.

நவம்பர் 9

மறுபடி செய்தேன். செத்தது. மறுபடி. செத்தது.

பொற்கொடி என்னையும் ஷெர்லினையும் அறைக்கு அழைத்தார்.

"சார், அந்த சனி ஞாயிறு நீங்க மட்டும்தான் உள்ள இருந்தீங்க. ஏதாவது ஒண்ணு வித்தியாசமா இருந்திருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சத்தம், வெளிச்சம், வாசனை, எதுவானாலும்."

யோசித்தேன். "ஒன்றுமே இல்லை. வழக்கம்போலத்தான் இருந்தது."

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் பொற்கொடி. "கோல்டு ரூமை விட்டுரு ஷெர்லின். டிடர்ஜென்ட்டைப் பாரு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 24

காரணம் டிடர்ஜென்ட் இல்லை. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் இல்லை. பூச்சி செல்களுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் வைரஸ் தொகுதியும் இல்லை. பொற்கொடி டிடர்ஜென்ட் கம்பெனிக்கு எழுதிய சண்டைக் கடிதத்துக்கு அவர்கள் பண்டிகை வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

பக்தவத்சலம் எட்டிப் பார்த்து, "ஒரு பூசணிக்கா உடைச்சிடலாமா மேடம்?" என்றார். பொற்கொடி உடனே மறுக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

டிசம்பர் 8

செத்தது.

டிசம்பர் 17

மார்கழி முதல் நாள். மங்கை கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் பூக்கடைக்காரர் ஒரு ஈரச் சாக்கின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு நூல் தையல். உள்ளேயிருந்து கத்தை கத்தையாக மரிக்கொழுந்து.

அதே சாக்கு. அதே சாக்கு இல்லை, அதே மாதிரிச் சாக்கு. துல்லியமாக எழுத வேண்டும்.

மங்கையிடம் கேட்டேன், "இது ரொம்ப வாசனையாக இருக்குமா?"

அவள் செருப்பைக் கழற்றப் போனவள் நின்றுவிட்டாள். "இருக்குமாவா? உங்க மூக்குக்கு நேரா இருக்கு. கோபுரத்துக்கு மேல இருக்கிற புறாவுக்கே தெரியும்."

"மூடிய அறையில் ஒரு சாக்கு நிறைய இரண்டு நாள் இருந்தால்?"

"உள்ள போறவனுக்குத் தலை கிறுகிறுத்துடும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்பலேர்ந்துங்க?"

"என்ன எப்போதிலிருந்து?"

"காபில பெருங்காயம் போட்டுக் கொடுத்தேன். நாலு தடவை. நடுநடுவுல சாதா காபி, நீங்க யூகிச்சு சொல்லிடக் கூடாதுன்னு. எல்லாத்துக்கும் 'நன்றாக இருந்தது'ன்னீங்க."

கட்டுப்பாட்டுச் சோதனையோடு செய்திருக்கிறாள். குறை சொல்ல முடியாது.

"அந்தக் கொரோனா காய்ச்சலிலிருந்து" என்றேன். "திரும்பி வரும் என்று சொன்னார்கள்."

"ரெண்டு வருஷமா? வாசனை பத்தி ஆராய்ச்சி பண்ற இடத்துல, மூக்கில்லாம, யார்கிட்டயும் சொல்லாம உட்கார்ந்திருக்கீங்களா?" சிரிக்கத் தொடங்கினாள். முடிக்கும்போது அது சிரிப்பாக இல்லை. சாமியைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பினோம்.

டிசம்பர் 18

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. வாசனைப் பொருள்கள் தண்ணீரில் கரைய மறுக்கும், டிடர்ஜென்டில் ஆசையாகக் கரையும். திறந்த பீக்கர்களுக்கு அடியில் ஒரு சாக்கு மரிக்கொழுந்து. ஏற்பிக்கு வேண்டிய வாசனை அதில் இருந்திருக்கிறது. அது வந்து உட்கார்ந்ததும் ஏற்பி தைரியமாக நிமிர்ந்து நின்றுவிட்டது. புதிய கரைசலுக்கு மாற்றியதும் வாசனை போனது, தைரியமும் போனது. பூஜையன்று கட்டடமே மணத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த அறையில் இருந்த ஒரே மூக்கு என்னுடையது. அதைக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றது.

நாளை சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 19

சொல்லவில்லை. பொற்கொடி கூட்டத்தில் இருந்தார்.

டிசம்பர் 20

சொல்லவில்லை. பொற்கொடி தனியாக, சும்மா, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கதவைத் தாண்டி நடந்தேன். "என்ன சார்?" என்றார். "வாக்கிங்" என்றேன்.

சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். கரைப்பான் கசிந்தால் முதலில் சொல்வது மூக்கு. மூக்கில்லாதவனைச் சோதனைச்சாலையில் விடமாட்டார்கள். விடவும் கூடாது. நானே குழுவில் இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

டிசம்பர் 22

கோழைக்கும் ஒரு வழி தோன்றும். யாருக்கும் சொல்லாமல், மரிக்கொழுந்தை வாங்கிப் பையில் மறைத்துக் கொண்டுபோய்க் கோல்டு ரூமில் பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். புரதம் பிழைத்தால் எல்லோருக்கும் சந்தோஷம், காரணம் எனக்கு மட்டும் தெரியும். திட்டம் பிரமாதம்.

மதியம் ஷெர்லின் மூச்சிரைக்க வந்தாள்.

"சார், கோல்டு ரூம்ல எவனோ மரிக்கொழுந்தைக் கொண்டு வச்சிருக்கான். உள்ள போனா மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மணக்குது! நல்லவேளை நான் பாத்தேன். பூவைத் தூக்கிப் போட்டு, பஃபர் கரைசலையும் மொத்தமா கொட்டிட்டேன். உங்க பேட்ச் கெட்டுப்போவக் கூடாதில்லா."

"நன்றி" என்றேன்.

"காலைல நீங்க உள்ளதானே இருந்தீங்க? உங்களுக்குத் தெரியலையா?"

"கவனிக்கவில்லை."

"சார், அதைக் கவனிக்காம இருக்க முடியாது சார்." சொல்லிவிட்டு அவள் போகவில்லை. என் மேசையில் கிடந்த பிப்பெட்டை எடுத்து, துடைத்து, அதன் இடத்தில் வைத்தாள். "இந்த மாசம் வரலன்னா நான் வேற வேலை தேடணும் சார். வீட்ல இன்னும் சொல்லல" என்றாள்.

நாங்கள் இருவரும் வீட்டில் சொல்லாதவர்கள் என்று நினைத்தேன். பிறகு, என் வீட்டில் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 26

சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேறு. வாயில் வந்தது இது: "மேடம், அன்று கோல்டு ரூமில் ஒரு சாக்கு மரிக்கொழுந்து இருந்தது. எனக்கு வாசனை தெரியாது."

"மரிக்கொழுந்து வாசனை தெரியாதா சார்?"

"எந்த வாசனையும் தெரியாது."

பொற்கொடி பேனாவை மூடினார். ஷெர்லின் வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள்.

"அப்போ அந்த மெர்காப்டோ அன்னைக்கு..." என்றாள் கடைசியில்.

"நெருப்புப் பயிற்சி என்று நினைத்தேன்."

முதலில் வெடித்தவள் ஷெர்லின். பிறகு பொற்கொடி. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. "இரும்பு மூக்கு! நான் பசங்களைத் திட்டினேனே சார், உங்களைக் காட்டி!" நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ரெண்டு மாசம் சார். மெஷினை மாத்தினேன். கம்பெனிக்காரனோட சண்டை போட்டேன். பூசணிக்கா விலை விசாரிச்சேன், நான்! இவ ராத்திரி பகலா உழைச்சா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்தேன்."

"அனுப்பத்தான் வேணும்." என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஏதாவது லீக் ஆகி உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டம்மா என்னை உயிரோட விடமாட்டாங்க. கமிட்டிக்கு எழுதுவேன் சார். மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேண்டாம்."

வெளியே சென்ட்ரிஃபியூஜ் இன்னும் காய்ந்த மாலையோடு சுழன்றுகொண்டிருந்தது.

"ஆனா இந்த ஒரு பேட்ச்சை நீங்கதான் செய்யணும்" என்றார். "அன்னைக்கு உங்க கையில வந்ததுதான் வரணும். ஷெர்லின் கூட நிப்பா. மூக்கு அவளோடது, கை உங்களோடது."

டிசம்பர் 27

பக்தவத்சலத்திடம் சாக்கைப் பற்றி விசாரித்தோம். முதலில் எந்தச் சாக்கு என்றார். பிறகு எல்லோரும் கொண்டுவருகிறார்கள் என்றார். அறிவியலுக்கு அது தேவைப்படுகிறது என்று பொற்கொடி சொன்னதும், எந்தக் கடை, எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று எல்லாவற்றையும் பெருமையோடு சொன்னார். "அப்ப அது பூஜை மகிமைதானே மேடம்?" என்று கேட்டார். பொற்கொடி குனிந்து கடை முகவரியை எழுதிக்கொண்டார். அவர் தோல்வியை நான் பார்த்தது இதுவே முதல் முறை.

ஜனவரி 4

ஒரு சாக்கு மரிக்கொழுந்து மேசைக்கு அடியில். இன்னொரு அறையில் மரிக்கொழுந்து இல்லாமல் அதே வேலை, ஒப்பிட்டுப் பார்க்க. ஷெர்லின் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கிறது?" என்று அவ்வப்போது கேட்டேன்.

"தலை சுத்துது சார். நாலு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கு. எனக்கு இனி ஆயுசுக்கும் மரிக்கொழுந்து வேண்டாம்."

பூ இல்லாதது செத்தது. பூ இருந்தது நின்றது. கோபுரம் போல, அதே இடத்தில்.

ஷெர்லின் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கையுறை போட்டிருந்தோம். பரவாயில்லை.

ஜனவரி 11

பாதுகாப்புக் குழு கூடியது. தீர்மானத்தைச் செயலாளர் பக்தவத்சலமே வாசித்தார். மணம் உணரும் திறன் இல்லாத கௌரவ ஆய்வாளர் இனி வேதிப்பொருள் புழங்கும் அறைகளில் பணிபுரியக் கூடாது. கணினி அறையில் பணி தொடரலாம். கோல்டு ரூமில் பூ, பழம், பலாப்பழம் வைக்கக் கூடாது என்ற தீர்மானத்தையும் அவரே வாசித்தார். அந்த வரியில் மட்டும் குரல் கம்மியது.

கூட்டம் முடிந்ததும் என்னருகில் வந்து, "ப்ரொஃபசர் சார், கம்ப்யூட்டர் ரூம்ல ஏசி நல்லா இருக்கும்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

பிப்பெட்டை ஷெர்லினிடம் கொடுத்தேன். அவளிடம் ஏற்கெனவே நல்லது இருக்கிறது. வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 16

ஷெர்லின் பெங்களூர் போயிருக்கிறாள், உறைந்த ஏற்பியோடு. பொங்கல் நன்றாக... பொங்கல் இனிப்பாக இருந்தது.

ஜனவரி 27

கணினி அறை. ஏசி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

லட்சக்கணக்கான மங்கலான நிழல்களை அடுக்கி அடுக்கி ஒரே வடிவமாக்கியிருக்கிறார்கள். பொற்கொடியும் ஷெர்லினும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். திரையில் எங்கள் ஏற்பி, ஏழு சுருள்களாகச் சவ்வைத் துளைத்து நிற்கிறது. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் புரதத்தில் சேராத ஏதோ ஒன்று, ஒரு மொச்சைக்கொட்டை மாதிரி, ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அதைச் சுற்றிச் சுருள்கள் இறுக்கமாக, பிடித்தால் விடமாட்டேன் என்பது போல.

"அதான் சார்" என்றாள் ஷெர்லின். "உங்க மரிக்கொழுந்து."

மரிக்கொழுந்தில் இருக்கும் எந்தப் பொருள் அது என்பதை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வடிவத்துக்குள் அணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் ஆகும் மெதுவான வேலை. யாரும் விரும்பிச் செய்வதில்லை. பொற்கொடி என்னைப் பார்த்தார்.

"இதுக்கு மூக்கு வேண்டாம் சார்."

"கண் இருக்கிறது" என்றேன். "கண்புரை அறுவை சிகிச்சை போன வருடம்தான் ஆனது. இரண்டு கண்ணும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

ஜனவரி 28, ஞாயிறு

ரத்த அழுத்தம் சரி. வெயில்.

மங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். குடிப்பதற்கு முன்பே கேட்டேன், "இதில் என்ன போட்டிருக்கிறாய்?"

அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காபி."

குடித்தேன். சூடாக இருந்தது. அதைச் சொன்னேன்.